வளைந்த சுங்கானும் கைத்திறனின் வரலாறும்: சென்-குளோட் பட்டறைகளை முன்வைத்து ஒரு நோக்கு

கைவினை பற்றி எழுதுவோர் பொதுவாக இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்வதை அவதானிக்கலாம். கையாற் செய்யப்படும் பொருளை மனிதனின் முழுமையான ஆளுமையின் வெளிப்பாடாகக் கண்டு, இயந்திரத்தின் வருகையோடு அம்முழுமை அழிந்துபோயிற்று என்று இரங்குவது ஒன்று. கைத்தொழிலைப் பின்தங்கிய உற்பத்தி முறையின் எச்சமெனக் கொண்டு, பொருளியல் வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முதலாவது நோக்கு ரஸ்கினிடமும் வில்லியம் மொறிஸிடமும் தோன்றி, நம்மவரான ஆனந்த குமாரசுவாமியின் வாயிலாக இந்நாட்டுச் சிந்தனையிலும் இடம்பெற்றது. 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற தமது நூலை 1908இல் அவர் வெளியிட்டபோது, மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலிருந்து வந்த அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டார் என்பது தற்செயலான செய்தியன்று. நூலின் உள்ளடக்கமும் அதனை ஆக்கிய முறையும் ஒரே கருத்துநிலையிலிருந்து பிறந்தவை.

இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றினும், ஒரு குறையிற் பொதுமை காண்கின்றன. பட்டறை யாருக்குச் சொந்தம், மூலப்பொருளை யார் கொள்வனவு செய்கின்றனர், செய்துமுடித்த பொருளை யார் எவ்விலைக்கு விற்கின்றனர் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. இவ்வினாக்களை எழுப்பாது கைத்திறனைப் பற்றிப் பேசுவது, உழைப்பாளியை விடுத்து அவனது விரல்களைப் பற்றி மட்டும் பேசுவதாகும். இக்கட்டுரையில் நாம் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொள்கின்றோம். பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள ஜூரா மலைப்பகுதியில், சென்-குளோட் என்னும் சிறு நகரின் பட்டறைகளிற் செய்யப்பட்ட வளைந்த மரச் சுங்கானே அது.

1

சென்-குளோட் மலையிடுக்கில் அமைந்த நகரம். பியென், தக்கோன் என்னும் இரு ஆறுகள் அங்கே சந்திக்கின்றன. பயிர் செய்வதற்குரிய நிலம் குறைவு, குளிர்காலமோ நீண்டது. இவ்விரு காரணங்களும் அப்பகுதி விவசாயியை மரக் கடைசலின்பாற் செலுத்தின. அங்கிருந்த புகழ்பெற்ற மடாலயத்துக்கு வந்த யாத்திரிகர்களுக்கு விற்பதற்காகச் செபமாலை மணிகளும் சிறு திருவுருவங்களும் பொக்ஸ் மரத்திலும் கொம்பிலும் கடையப்பட்டன. அந்நகரின் கடைசற் பட்டறைகள் சமயத் தேவையைச் சார்ந்தே முதலில் வளர்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அம்மடாலயம் கைவினைஞனுக்குச் சந்தை வழங்கிய நிறுவனம் மாத்திரமன்று. அவனை அடிமைப்படுத்திய நிலமானியப் பிரபுவும் அதுவே. 1742இல் மடாலயம் ஆயர்பீடமாக மாற்றப்பட்ட பின்னரும், அதன் குருமார் சபை சுற்றுப்புறக் குடியானவர்களைப் பண்ணையடிமைகளாகவே வைத்திருந்தது. சொத்தைத் தம் விருப்பப்படி வழங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1770ஆம் ஆண்டளவில் வோல்ட்டேயர், சென்-குளோட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கிறிஸ்தினோடு இணைந்து, 'ஜூரா மலையின் பண்ணையடிமைகள்' சார்பில் எழுதத் தொடங்கினார். 1779இல் பதினாறாம் லூயி மன்னன் அரச நிலங்களில் இவ்வடிமை முறையை ஒழித்தபோதும், சென்-குளோட்டின் குருமார் சபை அதனைப் பின்பற்ற மறுத்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சியே அம்மக்களை விடுவித்தது. பத்தாண்டுகளின் பின், 1799இல், நகரையே பெருந்தீயொன்று அழித்தது.

ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்-குளோட்டின் கடைசற்காரன் இரு பொருளிற் சுதந்திரமானவனாக விளங்கினான். மடாலயத்தின் பிடியிலிருந்து விடுபட்டவன் அவன். அதே வேளையில், தன் உழைப்பை விற்றன்றி வாழ இயலாத நிலையை நோக்கித் தள்ளப்பட்டவனும் அவனே. இரங்கற் பார்வையினர் போற்றும் 'பழைய கைவினைஞன்' பண்ணையடிமையின் மகன் என்பதை மறந்துவிடலாகாது.

2

சுங்கானின் வரலாற்றிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஒரு திருப்பம். அதுவரை ஐரோப்பாவின் எளிய மக்கள் களிமண் சுங்கான்களையே பெரிதும் பயன்படுத்தினர். அவை மலிவானவை, எளிதில் உடைபவை. வசதி படைத்தோர் 'கடல்நுரை' எனப்படும் மென்கல்லிற் செதுக்கியவற்றை விரும்பினர். சாதாரண மரங்களோ தீயிற் கருகின. 1850களில் எரிக்கா ஆர்போரியா என்னும் மத்தியதரைக்கடற் புதரின் வேர்முண்டு சென்-குளோட்டுக்கு வந்துசேர்ந்தது. கோர்சிக்கா, கலாப்ரியா, அல்ஜீரியா முதலிய இடங்களின் வறண்ட குன்றுகளில் வளரும் இச்செடி, தண்டுக்கும் வேருக்கும் இடையில் முண்டொன்றைத் திரட்டிக்கொள்கின்றது. அடர்ந்த இழைகளும் சிலிக்காவும் கொண்ட இம்முண்டு வெப்பத்தைத் தாங்க வல்லது.

இதன் கண்டுபிடிப்புப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. நெப்போலியன் பிறந்த மண்ணைத் தரிசிக்கக் கோர்சிக்கா சென்ற சுங்கான் வணிகன் ஒருவன் தனது சுங்கானை உடைத்துக்கொண்டானாம். உள்ளூர் விவசாயி ஒருவன் வேர்முண்டிலிருந்து மாற்றுச் சுங்கானொன்றைச் செதுக்கிக் கொடுத்தானாம். வணிகன் அதன் சிறப்பை உணர்ந்து வேர்முண்டுகளைச் சென்-குளோட்டுக்கு அனுப்பினானாம். இதன் உண்மையை நிறுவுதல் அரிது. எனினும் கதையின் அமைப்பு நமது கவனத்துக்குரியது. பெயரற்ற விவசாயி பொருளைச் செய்கிறான். வணிகன் அதனைக் 'கண்டுபிடிக்கிறான்'. முதலாளித்துவம் தனது தோற்றத்தைத் தானே விவரிக்கும் முறைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. உண்மையில், தலைமுறை தலைமுறையாகக் கடைசலிற் பழகிய கைகளும் ஆற்றுநீரால் இயங்கிய பட்டறைகளும் அங்கே ஏற்கனவே இருந்தமையாலேயே, தொலைவிலிருந்து வந்த அவ்வேர் அச்சிறு நகரிற் பெருந்தொழிலாக உருப்பெற்றது. மூலப்பொருள் அங்கு விளையவில்லை. புகையிலையும் அங்கு விளையவில்லை. அங்கு விளைந்தது உழைப்புத் திறன் ஒன்றே.

3

இனித் தொழில்முறையை நோக்குவோம். குன்றுகளில் அகழ்ந்தெடுக்கப்படும் வேர்முண்டு ஈரம் உலராதவாறு காக்கப்படுகின்றது. விரைந்து உலர்ந்தால் வெடிக்கும். பின்னர் வட்ட வாளிற் கட்டைகளாக அறுக்கப்படுகின்றது. அறுப்பவனின் கண்ணே இங்கு முதன்மையானது. எந்த முண்டில் எங்கே பிளவு மறைந்துள்ளது, இழை எத்திசையிற் செல்கிறது என்பதை அவன் சில கணங்களில் தீர்மானிக்க வேண்டும். அறுத்த கட்டைகள் பெரிய செப்புக் கொப்பரைகளில் ஏறக்குறைய அரைநாள் அவிக்கப்படுகின்றன. மரத்தின் சாறும் துவர்ப்பும் இதனால் நீங்குகின்றன. அதன் பின் மாதக்கணக்கில் நிழலிற் காயவைக்கப்படுகின்றன.

கட்டைகள் இரு வகைப்படும். நேரான சுங்கானுக்குரியது 'மார்செயேஸ்'. வளைந்த சுங்கானுக்குரியது 'றெலவே'. உயர்த்தப்பட்டது என்பது அதன் பொருள். ஆகவே சுங்கானின் வளைவு பட்டறையில் தொடங்குவதன்று. வேரை அறுக்கும் இடத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. வேர்முண்டு மரத்தை எவரும் வளைப்பதில்லை. வளைவு மரத்தினுள்ளிருந்து வெட்டியெடுக்கப்படுகின்றது. வளைக்கப்படுவது வாயில் வைக்கும் ஊதுமுனை மட்டுமே. பழைய காலத்திற் கொம்பாலும், பின்னர் எபொனைட் எனப்படும் கெட்டி இறப்பராலும் அது செய்யப்பட்டது. இளக்கமாகும்வரை சூடாக்கி, நடுத்துளை நெரியாதவாறு மெல்லிய கம்பியொன்றை உள்ளே செலுத்தி, கண்மட்டத்தில் வளைத்து, உடன் குளிர்விப்பர். ஒரு கணம் பிந்தினால் அது வளையாது; மிகையாகச் சூடேறினாற் கொப்புளித்துப் பாழாகும்.

கிண்ணத்தைக் கடையும் பணியிலேயே வளைந்த சுங்கானின் சிக்கல் வெளிப்படுகின்றது. கடைசற்பொறி ஓர் அச்சைச் சுற்றியே பொருளைச் சுழற்ற வல்லது. சுங்கானுக்கோ இரு அச்சுகள் உள்ளன. ஒன்று கிண்ணத்தினுடையது, மற்றொன்று தண்டினுடையது. கிண்ணத்தை ஒரு முறையும் தண்டை இன்னொரு முறையும் கடையலாம். அவ்விரண்டும் கூடுமிடத்தைப் பொறி எளிதில் எட்டுவதில்லை. நேரான சுங்கானில் அவ்விடம் சிறியது. மாதிரியுருவைத் தொடர்ந்து செல்லும் வெட்டுப்பொறி அதனைப் பெருமளவு நிறைவேற்றிவிடும். வளைந்த சுங்கானிலோ கிண்ணத்தின் அடியிலிருந்து தண்டின் நுனிவரை வடிவம் முறிவின்றிச் செல்ல வேண்டும். அங்குதான் அரம் பிடித்த கை தேவைப்பட்டது. புகைத்துளையிடுவதும் இத்தகையதே. சாய்வாகச் செல்லும் துளை கிண்ணத்தின் அடிமையத்திற் சரியாக முடிய வேண்டும். சற்று மேலே முடிந்தால் அடியிற் புகையிலை எரியாது ஈரமாய்த் தங்கும். சற்றுக் கீழே சென்றால் கிண்ணத்தின் அடி பலவீனமாகும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு முக்கியமானது. சென்-குளோட்டில் இயந்திரமும் கைத்திறனும் ஒன்றையொன்று விலக்கியவை அல்ல. தக்கோன் ஆற்றின் நீர்ச்சக்கரங்களும், பின்னர் வந்த மின்சாரமும் கடைசற்பொறிகளை இயக்கின. இயந்திரம் எட்டக்கூடிய இடத்தை எட்டியது. எட்டாத இடத்திற் கை நின்றது. கைத்திறன் அங்கு நிலைத்தமைக்கு மரபின்மீது கொண்ட பற்று காரணமன்று. ஒரு குறிப்பிட்ட வடிவம், ஒரு குறிப்பிட்ட மரம், ஒரு குறிப்பிட்ட காலத்துப் பொறிநுட்பம் ஆகியவற்றின் கூட்டே காரணமாகும்.

4

'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் பட்டறை உற்பத்தியின் இரு வடிவங்களை வேறுபடுத்துகின்றார். தனித்தனியே செய்யப்பட்ட உறுப்புகளை இறுதியில் ஒன்றுசேர்ப்பது ஒன்று. ஒரே பொருள் கைமாறிக் கைமாறிப் படிப்படியாக உருப்பெறுவது மற்றொன்று. முன்னதற்கு அவர் காட்டும் உதாரணம் கடிகாரம். சுவிற்சர்லாந்து ஜூராவின் கடிகாரத் தொழிலையும் அவர் அங்கே குறிப்பிடுகின்றார். பின்னதற்கு ஊசியைக் காட்டுகின்றார். சுங்கான் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கிண்ணம் கடைபவர், துளையிடுபவர், அராவுபவர், மெருகிடுபவர் எனப் பலரது கைகளினூடே செல்கின்றது. ஊதுமுனை வேறிடத்திலிருந்து வந்து சேர்கின்றது. மெருகிடும் பணி பெரும்பாலும் பெண்களுடையதாயிருந்தது. 'கைவினைஞன்' என ஆண்பாலில் மட்டும் எழுதும் வழக்கம் இப்பெண்களின் உழைப்பை மறைத்துவிட்டது.

வேர்முண்டின் இயல்பு கூலியுறவையும் பாதித்தது. மரத்தினுள் மறைந்திருக்கும் சிறு குழியோ மண்துகளோ வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் வெளிப்படக்கூடும். அதுவரை செலவிட்ட உழைப்பு எவ்வளவாயினும் அச்சுங்கானின் தரம் தாழ்ந்துவிடும். எண்ணிக்கைக்கேற்பக் கூலி வழங்கப்படும் எவ்விடத்திலும், இயற்கையின் இக்குறைக்கு நட்டமடைவது தொழிலாளியா முதலாளியா என்னும் கேள்வி ஓயாத பிணக்காகவே இருக்கும். துண்டுக்கூலியை முதலாளித்துவத்துக்கு மிகவும் இசைந்த கூலி வடிவமாக மார்க்ஸ் கண்டதன் நியாயம் இங்கே தெளிவாகின்றது.

சந்தையில் நிகழ்ந்ததும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. 1825இல் சென்-குளோட்டில் தொழில் தொடங்கிய கொம்வா குடும்பத்தின் ஹென்றி கொம்வா 1879இல் இலண்டனுக்குச் சென்று அங்கு பட்டறை நிறுவினார். 1910இற் சுங்கான் தயாரிப்பிலிறங்கிய அல்பிரட் டன்ஹில் தொடக்கத்திற் சென்-குளோட்டிற் கடைந்த கிண்ணங்களை வருவித்தே இலண்டனில் முடிப்பு வேலை செய்வித்தார். இவ்வாறு வேர் ஓரிடத்திலும், வடிவம் இன்னோரிடத்திலும், பெயர் மூன்றாமிடத்திலும் உருவாகின. தண்டில் பொறிக்கப்பட்டது வணிக நிறுவனத்தின் பெயரே. செய்த கைகளுக்குப் பெயரில்லை.

வளைந்த சுங்கான் பெற்ற பண்பாட்டுக் குறியீடும் இவ்வகையில் ஆராயத்தக்கது. ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற பாத்திரத்தோடு அதனை இணைத்தது கொனன் டொயிலின் எழுத்தன்று. சிட்னி பஜெற்றின் மூலச் சித்திரங்களில் நேரான சுங்கானே காணப்படுகின்றது. 1899இல் மேடையேறிய நாடகத்தில் அப்பாத்திரமாக நடித்த வில்லியம் ஜிலெற் வளைந்த சுங்கானைக் கையாண்டதன் வழியாகவே அவ்வுருவம் பரவியதெனக் கூறுவர். சுங்கான் சிந்திப்பவனின் அடையாளமாயிற்று. அதனைச் செய்தவனும் சிந்தித்தான், தொழிலாளர் கூட்டங்களில் விவாதித்தான் என்னும் செய்தி அவ்வுருவத்தில் இடம்பெறவில்லை.

5

அச்சிந்தனையின் விளைவை இனிக் காண்போம். பிரான்சில் வேலைநிறுத்தம் 1864இலும் தொழிற்சங்கம் 1884இலும் சட்ட அங்கீகாரம் பெற்றன. இவ்விரண்டுக்கும் இடையில், 1881இல், சென்-குளோட்டில் 'லா பிரத்தேர்னெல்' என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உணவுப் பொருள்களை நியாய விலைக்குப் பெறுவதே அதன் முதல் நோக்கம். 1890களில் சோஷலிஸ்ட்டுகளின் செல்வாக்கு ஓங்கியதும் அதன் விதிகள் மாற்றப்பட்டன. சங்கத்தின் இலாபத்தை உறுப்பினரிடையே தனித்தனியே பங்கிடுவது நிறுத்தப்பட்டது. அது பிரிக்கவியலாத பொதுநிதியாக்கப்பட்டு, நோயாளருக்கும் முதியோருக்குமான உதவிக்கும், கல்விக்கும், இயக்கத்தின் தேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் முக்கியத்துவத்தை உணர அக்காலக் கூட்டுறவு இயக்கத்தின் பின்னணியை நோக்குதல் வேண்டும். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் உருவான முறையில், கொள்வனவுக்கேற்ப இலாபம் உறுப்பினருக்குத் திருப்பி வழங்கப்பட்டது. பிரான்சிற் சார்ள்ஸ் ஜீட் முதலியோரின் 'நீம் சிந்தனைப்பள்ளி' இதனையே தழுவி, வர்க்கப் போராட்டத்திலிருந்து விலகிய கூட்டுறவை முன்வைத்தது. இதற்கெதிராக எழுந்ததே 'சென்-குளோட் சிந்தனைப்பள்ளி'. கூட்டுறவு, தொழிற்சங்கம், சோஷலிஸக் கட்சி ஆகிய மூன்றையும் ஒரே போராட்டத்தின் உறுப்புகளாக அது கண்டது. ஹென்றி பொனார் போன்ற சோஷலிஸ்ட்டுகள் இதற்குத் தலைமை தாங்கினர். 1910இல் 'மக்கள் மாளிகை' திறக்கப்பட்டது. கடைகள், களஞ்சியங்கள், அச்சகம், நூலகம், நாடக அரங்கு, தொழிற்சங்க அலுவலகங்கள் யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. சுங்கான் தொழிலிலும் வைரம் தீட்டும் தொழிலிலும் உற்பத்திக் கூட்டுறவுகளும் தோன்றின.

குமாரசுவாமியின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் மக்கள் மாளிகை எழுந்தது என்பதை ஈண்டு ஒப்புநோக்கலாம். ஒருவர் கைவினைஞனின் இழந்த கண்ணியத்தை மத்தியகாலத்திலே தேடினார். சென்-குளோட்டின் கைவினைஞரோ அம்மத்தியகாலத்தை அனுபவித்தவர்களின் வழித்தோன்றல்கள். அதனை மீட்கும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. பொறியை வெறுக்கவுமில்லை. பொறியும் பண்டகசாலையும் அச்சகமும் தம் வசமாக வேண்டும் என்றே கருதினர். குமாரசுவாமியின் விமர்சனத்திற் குடியேற்றவாத எதிர்ப்பின் நியாயம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் கண்ணியம் என்பது வடிவத்திலுள்ளதா, உடைமையுறவில் உள்ளதா என்ற வினாவுக்குச் சென்-குளோட் அளித்த விடையே வரலாற்றுணர்வு மிக்கது.

எனினும் இக்கூட்டுறவுகளை இலட்சியமயப்படுத்துவதும் பிழையாகும். 1864ஆம் ஆண்டு அகிலத்தின் தொடக்கவுரையிற் கூட்டுறவை உழைப்பின் அரசியற் பொருளாதாரத்தின் வெற்றியெனப் போற்றிய மார்க்ஸே, அரசியல் அதிகாரமின்றி அது குறுகிய வட்டத்தை மீறாதென்றும் எச்சரித்தார். ரோசா லக்சம்பேர்க் இன்னும் கடுமையாக வாதிட்டார்: சந்தைப் போட்டியில் நிற்கும் உற்பத்திக் கூட்டுறவு தொழிலாளரையே தமக்குத் தாம் முதலாளியாக மாற்றிவிடும் என்பது அவரது கருத்து. 1912இல் பிரான்சின் இரு கூட்டுறவுப் போக்குகளும் ஒரே சம்மேளனத்தில் இணைந்தன. ஐக்கியம் பலத்தைத் தந்தது. ஆனால் சென்-குளோட்டின் தனித்துவமான அரசியற் கூர்மை நாடளாவிய இயக்கத்தின் பொதுநெறியாகவில்லை.

6

இருபதாம் நூற்றாண்டின் போக்கில் சுங்கான் தொழில் தேய்ந்தது. 1880களில் அமெரிக்காவில் அறிமுகமான சிகரெட் பொறி புகைத்தலின் வேகத்தையே மாற்றியது. விரைவாகப் பற்றவைத்து விரைவாக முடிப்பது ஆலை நேரத்துக்கு இசைந்த பழக்கமாயிற்று. போர்களும் நகரைத் தாக்கின. 1944 ஏப்பிரல் 9ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கிளவுஸ் பார்பியின் ஆணையில் நாஸிப் படையினர் நகரின் ஆண்களைச் சதுக்கத்திற் கூட்டி, ஏறக்குறைய 300 பேரைப் புக்கன்வால்ட் முகாமுக்கு அனுப்பினர். பலர் திரும்பி வரவில்லை. தொழிலாளர் இயக்கத்தின் கோட்டையாக விளங்கிய நகர் எதிர்ப்பியக்கத்தின் தளமாகவும் இருந்தமைக்கு அது கொடுத்த விலை இது.

1966இல் சென்-குளோட்டில் சுங்கான் கைவினை முதல்வர்களின் சகோதரக் குழுவொன்று நிறுவப்பட்டது. அங்கிகளும் சடங்குகளும் கொண்ட அக்குழு தொழிலின் பெருமையைப் பேணுகின்றது. 1984இல் மக்கள் மாளிகையைக் காக்கும் பொருட்டு ஒரு சங்கம் அமைந்தது. அது பழைய 'லா பிரத்தேர்னெல்' என்ற பெயரையே ஏற்றுக் கலை நிகழ்வுகளை நடத்துகின்றது. தொழில் பரந்திருந்த காலத்திற் கூட்டுறவும், தொழில் சுருங்கிய காலத்திற் சடங்கும் அருங்காட்சியகமும் தோன்றியமை சிந்தனைக்குரியது. கைத்திறன் பலரது பிழைப்பாக இருந்தபோது அதனை எவரும் 'கலை' என அழைக்க வேண்டியிருக்கவில்லை. சிலரது கையில் மட்டும் எஞ்சியதும், விலையுயர்ந்த பண்டமாகி, கலையெனப் பெயர் பெற்றது. 'கையாற் செய்தது' என்னும் முத்திரை உழைப்பாளியை மதிப்பதாகத் தோன்றினும், பெரும்பாலும் அவன் அரிதாகிவிட்டமைக்குக் கிடைக்கும் விலையேயாகும்.

தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் புலனாகின்றன. முதலாவது, கைத்திறன் காலங்கடந்த மனிதப் பண்பன்று. குறிப்பிட்ட மூலப்பொருள், கருவி, உற்பத்தியுறவு ஆகியவற்றின் சந்திப்பில் தோன்றி, அவை மாறுகையிற் மாறுவது. இரண்டாவது, பொறியால் எளிதிற் பதிலீடு செய்ய முடியாத திறன் தொழிலாளருக்குப் பேரம் பேசும் வலிமையைத் தரக்கூடும். ஆனால் அவ்வலிமை அமைப்பாகத் திரளும்போதே வரலாற்றுச் சக்தியாகின்றது. மூன்றாவது, அவ்வமைப்பும் சந்தையின் எல்லைக்குள் தனித்து நிற்கையில் நெடுநாள் நிலைக்க இயலாது.

நம்மிடையே கைவினைகளை ஆவணப்படுத்தும் முயற்சிகள் இன்று பெருகிவருகின்றன. அவை வரவேற்கத்தக்கவை. கருவிகளின் பெயர்களையும் செய்முறைகளையும் பதிவுசெய்வோர், கூலியின் அளவையும் கடனின் வட்டியையும் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும், மெருகிட்ட பெண்களின் பெயர்களையும் அதே அக்கறையோடு பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறன்றேல் நாம் பாதுகாப்பது பொருளின் வளைவை மட்டுமே. அதனை வளைத்தோரின் வரலாற்றையன்று.